அம்மா மண்டபத்துச் சந்தை

எங்கள் கல்லூரியில் ஒழுங்குக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. அதில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் ஒழுங்கு அல்ல, என் கையெழுத்து. எழுபதுகளின் பின்பாதி அது. சரித்திரத் துறையில் டியூட்டராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. யார் என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. அபிப்பிராயம் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

கமிட்டியின் தலைவர் துணை முதல்வர். பாதிரியார் என்பதால் எல்லோரும் ஃபாதர் என்போம். கண்டிப்பானவர், ஆனால் ஒருவனைத் தண்டிப்பதற்கு முன் அவனை உட்காரவைத்துப் பேசவிடுகிறவர். பெரும்பாலும் சில்லறை விவகாரங்களே வரும். வகுப்பில் விசில் அடித்தவன், ஆசிரியரை வாடா போடா என்றவன், மேட்னி ஷோவில் பிடிபட்டவன். திட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். காப்பி அடித்த வழக்கு மட்டும் வேறு. அதில் மாட்டியவனுக்குப் பல்கலைக்கழகத் தேர்வுக்கான ஹால் டிக்கெட் கிடையாது. நன்னடத்தைச் சான்றிதழில் ‘நன்று’ என்று எழுத மாட்டார்கள். அந்த மூன்றெழுத்து இல்லாதவனை எந்த ஆபீஸும் உள்ளே விடாது.

அந்த வருடம் மாடல் பரீட்சை முடிந்து, திருத்திய விடைத்தாள்களோடு பொருளாதார விரிவுரையாளர் ஃபாதரின் அறைக்கு வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். நடந்துகொண்டே நோட்ஸ் சொல்கிறவர். தமிழ் மீடியம் பி.ஏ. மூன்றாம் வருடத்தில் இரண்டு பேர் காப்பி அடித்திருக்கிறார்கள் என்றார். பரீட்சையில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தவர்கள். ஒருவன் ஸ்ரீரங்கத்துப் பையன், வகுப்பில் முதல்வன். கோயிலில் பிரபந்தம் ஓதுகிற குடும்பம். இன்னொருவன் லால்குடிப் பக்கத்து விவசாய வீட்டுப் பையன். இரண்டாம் வருடத்தில் இரண்டு பேப்பர் போய், மறுபடி எழுதித் தேறியவன். இந்த வருடமும் தடங்கல் வந்தால் படித்தது போதும், வயலுக்கு வா என்று அண்ணன் சொல்லியிருந்தாராம். இதை அவன் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருந்ததால் எனக்கும் தெரிந்திருந்தது.

விரிவுரையாளர் இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தேவை விதியை விளக்குக என்பது கேள்வி. விலை ஏறினால் வாங்குகிறவர்கள் குறைவார்கள், இறங்கினால் கூடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ளப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் அதைத் தலைகீழாக எழுதியிருந்தார்கள்: ‘ஒரு பண்டத்தின் விலை ஏறும்போது அதன் தேவை ஏறும், விலை இறங்கும்போது அதன் தேவை இறங்கும்.’ அதற்கு அடுத்ததுதான் வேடிக்கை. ‘கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். கத்தரிக்காய் யாருக்கும் உயிர் போகிற பொருள் அல்ல.’ இரண்டு தாளிலும் அதே கத்தரிக்காய்.

“புஸ்தகத்துல ஆப்பிள்தான் ஃபாதர் இருக்கு. கடையில விக்கிற கைடுலயும் ஆப்பிள்தான். கிளாஸ்ல மீதி அத்தனை பேரும் ஆப்பிள்தான் எழுதியிருக்கான். இவங்க ரெண்டு பேருக்கு மட்டும் எப்படிக் கத்தரிக்காய் வரும்?”

மற்ற அத்தனை பேரும் மலைக்கோட்டைக் கடைவீதியில் வாங்கிய ஒரே கைடை, கமா பிசகாமல் எழுதியிருந்தார்கள். அதற்குப் பெயர் படிப்பு. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவரிடம் இன்னொரு சாட்சியும் இருந்தது. லால்குடிப் பையனின் தாளில் ‘பிற நிலைகள் மாறாதிருக்க வேண்டும் என்பது இங்கே கவனிக்கத்தக்கது’ என்ற வாக்கியம் அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. அவர் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தார். முன்னால் இருப்பவன் தாளை எட்டிப் பார்த்து அவசரமாக எழுதுகிறவன்தான் ஒரே வரியை இரண்டு தடவை எழுதுவான் என்றார். ஃபாதர் தலையை ஆட்டினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

முதலில் லால்குடிப் பையனைக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பெண் பார்க்க வந்தவன் போல உள்ளே வந்து நின்றான். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

“இந்தப் பதிலை எங்கேயிருந்து எழுதினே?” என்றார் ஃபாதர்.

“சந்தையில வந்தது, ஃபாதர்.”

“எந்தச் சந்தை? லால்குடிச் சந்தையா?”

“இல்ல ஃபாதர். அம்மா மண்டபத்துல.”

அம்மா மண்டபம் ஸ்ரீரங்கத்தில் காவேரிப் படித்துறை. வாழைப்பழமும் தேங்காயும் விற்பார்கள், திதி கொடுப்பார்கள். சந்தை கூடி யாரும் பார்த்ததில்லை. ஃபாதர் விரிவுரையாளரைப் பார்த்தார். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அங்க யாரு வருவாங்க?”

“அவனும் நானும்தான் ஃபாதர். காலையில ரயில்ல வந்து ஸ்ரீரங்கத்துல இறங்கிடுவேன். சந்தையை முடிச்சுட்டு ரெண்டு பேரும் பஸ் ஏறி காலேஜுக்கு வந்துருவோம்.”

“சந்தையில என்ன நடக்கும்?”

“அவன் குடுப்பான், நான் வாங்கிக்குவேன்.”

“எவ்வளவு?”

“அன்னன்னிக்கு முடிஞ்ச அளவு, ஃபாதர்.”

“சும்மாவா குடுத்தான்?”

“இல்ல ஃபாதர். ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பணும்.”

ஃபாதரின் முகம் மாறியது. காப்பி அடித்த வழக்கு என்று ஆரம்பித்தது, கேள்வித்தாள் வியாபாரமாக, வட்டிக் கடையாக வளர்ந்துகொண்டே போனது. நான் ‘ஒன்றுக்கு இரண்டு’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். பையன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது, எது தப்பு என்று தெரியவில்லை. வெளியே போய் நிற்கச் சொன்னார்கள்.

அடுத்து ஸ்ரீரங்கத்துப் பையன் வந்தான். ஒல்லியான உருவம், நெற்றியில் மெலிதாக ஸ்ரீசூர்ணம். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அம்மா மண்டபத்துல சந்தை நடத்துறியாமே?”

“ஆமாம், ஃபாதர்.”

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று ஃபாதர் எதிர்பார்க்கவில்லை. “எவ்வளவு நாளா?”

“ஆடி மாசத்திலேர்ந்து.”

“உங்க வீட்டுக்குத் தெரியுமா?”

“எங்காத்துல எல்லாருக்கும் அதுதானே வேலை, ஃபாதர். எங்கப்பாகிட்டதான் நானே கத்துண்டேன். தாத்தாவும் பண்ணிண்டிருந்தார்.”

ஃபாதர் பின்னால் சாய்ந்துவிட்டார். குடும்பத் தொழில் என்று ஒருவன் நேருக்கு நேராகச் சொல்வதை அவர் அதுவரை கேட்டிருக்க மாட்டார். பிறகு மெதுவாக, “ஒரு கேள்விக்கு என்னடா விலை?” என்றார்.

“விலையா?” பையன் உண்மையாகவே குழம்பிப்போனான். “சந்தை சொல்லி வைக்கிறதுக்கு விலை வாங்கப்படாதே, ஃபாதர்.”

சொல்லி வைக்கிறது என்ற இடத்தில்தான் முடிச்சு அவிழ்ந்தது. அவர்கள் வீட்டில் பிரபந்தம் கற்றுக்கொடுக்கும் முறைக்குப் பெயர் சந்தை. குரு ஒரு அடியை ஒரு தடவை சொல்வார். சிஷ்யன் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகம் கிடையாது, காதும் வாயும்தான். ஒரு சொல் கூடக்கூடாது, குறையக்கூடாது. லால்குடிப் பையன் இரண்டு பேப்பர் போய் நின்றபோது, தனக்குத் தெரிந்த வழி இதுதான் என்று பொருளாதார நோட்ஸை இவன் அந்த முறையில் சொல்லிக் கொடுத்திருக்கிறான். வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுக்க முடியாது, அந்த நாளில் அந்த வீட்டில் லால்குடிப் பையனைக் கூடத்துக்குள் விட மாட்டார்கள். அதனால் படித்துறை. இதை அவன் வெட்கத்தோடும் சொல்லவில்லை, பெருமையோடும் சொல்லவில்லை.

அந்த நாளில் நான் ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். விடியற்காலையில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெரிய குரலும் அதைத் தொடர்ந்து சின்னக் குரல்கள் இரண்டிரண்டு தடவையும் வரும். தூக்கம் கலைகிறதே என்று திட்டியிருக்கிறேனே தவிர, அதற்குப் பெயர் என்னவென்று கேட்டதில்லை. “நான் கேட்டிருக்கேன் ஃபாதர், அப்படித்தான் சொல்லிக்குடுப்பாங்க” என்றேன். “நீங்க எழுதுங்க” என்றார் ஃபாதர்.

இருந்தாலும் அவர் கொஞ்சம் யோசித்தார். “நம்ம ஜெபமாலை மாதிரி. ஒருத்தர் சொல்ல, மத்தவங்க சொல்லணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

விரிவுரையாளர் விடுவதாக இல்லை. “மனப்பாடம் பண்ணாங்கன்னே வெச்சுக்குவோம். இந்தத் தப்பான விதியையும் கத்தரிக்காயையும் எங்கேயிருந்து மனப்பாடம் பண்ணாங்க?”

ஃபாதர் பையனைப் பார்த்தார். “சொல்லு. இது எங்க இருந்தது?”

அதுவரை கேட்ட கேள்விக்கெல்லாம் பட்டென்று பதில் சொன்னவன், தரையைப் பார்த்தபடி நின்றான். மறுபடி கேட்டும் வாயைத் திறக்கவில்லை. பேச்சு நின்ற இடத்தில்தான் குற்றம் இருக்கும் என்பது கமிட்டிகளின் நம்பிக்கை. விரிவுரையாளருக்கு இவன் மீது பிரியம் உண்டு, முதல் வகுப்பு வாங்கப்போகிறவன். அவரே ஒரு வழி காட்டினார்.

“நீ ஒண்ணும் பண்ணலைப்பா. பின்னாடி இருந்தவன் உன் பேப்பரைப் பார்த்தது உனக்குத் தெரியாது. அவ்வளவுதானே? அதை மட்டும் சொல்லிட்டுப் போ.”

கதவு திறந்தேதான் இருந்தது. வெளியே நின்றவனுக்கு அது கேட்டிருக்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் இவனுக்கு முதல் வகுப்பு, அவனுக்கு வயல். எனக்கு அப்போது பேனா ஓடவில்லை.

“அவன் பார்க்கலை, சார்” என்றான்.

“பின்னே?”

“பார்க்கலை, சார். வேணும்னா கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கோ. வரும்.”

லால்குடிப் பையனை மறுபடி உள்ளே அழைத்தார்கள். தேவை விதியைச் சொல்லு என்றார் ஃபாதர். அவன் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. எங்கள் மூவரின் முகங்களும் அவனுக்கு முன்னால் இருந்தால் எனக்கும் ஒன்றும் வந்திருக்காது. விரிவுரையாளர் தாள்களை அடுக்கத் தொடங்கினார். பாவமாக இருந்தது. அதைவிடக் கோபம் வந்தது, யார் மீது என்று அப்போது தெரியவில்லை.

“முதல் அடி எடுத்துக் குடுக்கலாமா, ஃபாதர்?” என்றான் ஸ்ரீரங்கத்துப் பையன்.

ஃபாதர் சரி என்றார்.

“ஒரு பண்டத்தின்” என்று அவன் சொன்னதுதான் தாமதம். மற்றவன் கண்ணை மூடிக்கொண்டான். மடை திறந்துவிட்ட மாதிரி வந்தது. ‘ஒரு பண்டத்தின் விலை ஏறும்போது அதன் தேவை ஏறும்.’ உடனே அதையே இன்னொரு தடவை. ‘பிற நிலைகள் மாறாதிருக்க வேண்டும் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.’ அதுவும் இரண்டு தடவை. சிவப்புக் கோடு போட்ட வாக்கியம் மட்டுமல்ல, எல்லாமே அவனுக்குள் இரண்டிரண்டாகத்தான் இருந்தன. எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை எழுதியிருக்கிறான், ஒரே ஒரு இடத்தில் பழக்கம் முந்திக்கொண்டுவிட்டது. ஃபாதர் தாளைப் பார்த்தார், பிறகு பையனைப் பார்த்தார்.

அவன் நிறுத்தவில்லை. ‘கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். கத்தரிக்காய் யாருக்கும் உயிர் போகிற பொருள் அல்ல.’ அதையும் திருப்பினான். பிறகு அதே ராகத்தில், அதே வேகத்தில்: ‘பின் பெஞ்சில் என்ன பேச்சு, இது கல்லூரியா மீன் கடையா?’ இதுவும் இரண்டு தடவை.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. பையன் கண்ணைத் திறந்து பார்த்தான்.

“கடைசியில ஏதோ சொன்னியே, அது பேப்பர்ல இல்லையே?” என்றார் ஃபாதர்.

“அது பரீட்சைக்கு இல்ல, ஃபாதர். அது பின் பெஞ்சுக்குச் சொன்னது. சந்தையில எதையும் விடக்கூடாதுன்னு அவன் சொல்லுவான், அதனால சேர்த்துப் படிச்சேன்.”

மீன் கடை என்ற சொல்லை அந்தக் கல்லூரியில் வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொண்டு திரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் கொஞ்சம் வயது குறைந்து தெரிந்தது.

“கத்தரிக்காய் உங்களோடதுதானா?” என்றார் ஃபாதர், தணிந்த குரலில்.

“என்னோடதுதான் போலிருக்கு, ஃபாதர்.”

அந்தப் பாடம் நடத்திய அன்று, முந்தின மணியில் இன்னொரு வகுப்புக்கு அளிப்பு விதி சொல்லிவிட்டு வந்திருக்கிறார். விலை ஏறினால் விற்க வருகிறவர்கள் கூடுவார்கள் என்பது அளிப்பு விதி. அதே வேகத்தில் இங்கே தேவைக்கும் அதையே சொல்லிவிட்டார். வகுப்பில் யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியதும் இல்லை, எல்லோரிடமும் கைடு இருந்தது. அவர் வாயைப் பார்த்துப் பாடம் கேட்டவர்கள் அந்த வகுப்பில் இரண்டே பேர். அவர்கள்தான் கமிட்டி முன்னால் நின்றார்கள்.

விரிவுரையாளர் தாள்களை எடுத்துக்கொண்டு, “நான் பார்த்துக்கிறேன், ஃபாதர்” என்று வெளியே போய்விட்டார். பையன்களைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. ஃபாதர் இரண்டு பேருக்கும் ஹால் டிக்கெட் உண்டு என்று சொல்லி, என்னை எழுதியதைக் கிழிக்கச் சொன்னார். வட்டிக் கடை, வியாபாரம் எல்லாம் குப்பைக் கூடைக்குப் போயின.

தாழ்வாரத்தில் ஸ்ரீரங்கத்துப் பையனைப் பிடித்தேன். “அந்த விதி தப்புன்னு உனக்குத் தெரியாதா?” என்றேன்.

“தெரியும், சார். புஸ்தகத்துல பார்த்தேன்.”

“அப்போ வகுப்புல எழுந்து கேட்டிருக்கலாமே? இல்ல, இங்கயாவது சார்தான் சொன்னார்னு சொல்லியிருக்கலாமே?”

“அவர் சாதிச்சது, சார். எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?”

அவர்கள் வீட்டில் பெரியவர்கள் ‘சொன்னார்கள்’ என்பதில்லை, ‘சாதித்தார்கள்’ என்பார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. “உன் மரியாதையில அவன் படிப்பு போயிருக்கும்டா” என்றேன். அவன் முகம் சுண்டிவிட்டது. சொன்னது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தப்பைத் தப்பு என்று சொல்ல முடியாத மரியாதை யாருக்கு லாபம்? ஆனால் என் கோபத்தில் பாதி அவனுக்குச் சேர வேண்டியதல்ல. பையன்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போன அந்த மனிதர்மேல் இருந்தது. அதற்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் அவர் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தாலும் நான் வேறு பக்கம்தான் உட்கார்ந்தேன்.

பல்கலைக்கழகத் தேர்வு வெயில் ஏறும் காலத்தில் நடந்தது. பொருளாதாரப் பேப்பர் முடிந்த அன்று மாலை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் லால்குடிப் பையனைப் பார்த்தேன். அம்மா மண்டபத்துக்குப் போய்க் காவேரியில் கால் நனைத்துவிட்டு ரயிலுக்கு வந்திருந்தான். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். நல்லா எழுதியிருக்கேன் சார் என்றான். தேவை விதி வந்ததா என்றேன். வந்தது என்றான்.

“எப்படி எழுதினே? சொல்லு பார்ப்போம்.”

பிளாட்பாரத்தில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டான். முதல் அடியை எடுத்துக் கொடுக்க இப்போது யாரும் தேவைப்படவில்லை. ‘எழுதிக்கொள்ளுங்கள். இந்த விதியைப் போன முறை நான் தவறாகச் சொன்னேன். தவறு என்னுடையது. என் தவறால் இந்த வகுப்பில் இரண்டு மாணவர்கள் தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஒரு பண்டத்தின் விலை ஏறும்போது அதன் தேவை குறையும்.’ ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொன்னான். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாளும் ஒரு மனிதரைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு கண்ணியமான ஆள் நினைக்கக் கூடியதாக இல்லை.

லால்குடி போகும் ரயில் வந்து நின்றது. எனக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. பழக்கம் முந்திக்கொள்கிற பையன்.

“டேய், அதையெல்லாம் பரீட்சையில எழுதிடலையே?” என்றேன்.

அவன் படியில் ஏறி நின்று திரும்பினான்.

“இல்ல சார். அது எங்களுக்குச் சொன்னது.”